நடந்து எத்தனை நாள் ஆயிற்று? அணுப்போருக்குப் பிந்தைய நாவலை முதன்முதலாக வாசிப்பவர்களுக்கு

அணுப்போருக்குப் பிந்தைய நாவல் என்றதும் பலருடைய மனத்தில் முதலில் எழுவது காளான் வடிவப் புகைமண்டலம்தான். ஆனால் இவ்வகை நூல்களில் இரண்டு மூன்றைப் படித்தவர்களுக்கு, அந்தக் காட்சி அவற்றில் அநேகமாக வருவதே இல்லை என்பது தெரிந்திருக்கும். வந்தாலும் தொலைவில் தெரிந்த ஒரு வெளிச்சமாகவோ, பாதியில் அறுந்துபோன ஒரு வானொலிச் செய்தியாகவோ ஒரு பத்தியில் முடிந்துவிடும். மீதிப் பக்கங்கள் முழுவதும் அதற்குப் பிறகு வரும் நாட்களைப் பற்றியவை: குடிநீர் எங்கிருந்து வரும், விதை யாரிடம் இருக்கிறது, மழையில் நனையலாமா, பக்கத்து ஊரில் யாராவது மிஞ்சியிருக்கிறார்களா என்பன போன்ற கேள்விகளே கதையை நகர்த்துகின்றன. ஆகவே இப்படியொரு நாவலைக் கையில் எடுப்பவர், என்ன நடந்தது என்று கேட்பதற்கு முன்னால், நடந்து எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரண்டாம் நாளில் தொடங்கும் கதையும், இரண்டாம் ஆண்டில் தொடங்கும் கதையும், ஆறு நூற்றாண்டுகள் கழித்துத் தொடங்கும் கதையும் ஒரே வகையைச் சேர்ந்தவைபோலத் தோன்றினாலும், அவற்றில் மனிதர்களால் செய்யக்கூடியவை வெவ்வேறானவை. அந்த வேறுபாட்டை ஆசிரியரின் கற்பனையோடு சேர்ந்து இயற்பியலும் தீர்மானிக்கிறது.

இதை நான் புரிந்துகொண்டது தனியாகப் படித்தபோது அன்று. நண்பர்கள் ஐந்து பேர் ஒரே பிரதியைச் சுற்றுக்கு விட்டுப் படித்தபோதுதான். நூல், நெவில் ஷூட் 1957இல் வெளியிட்ட 'ஆன் தி பீச்'. பென்சிலால் ஓரத்தில் எதை வேண்டுமானாலும் குறிக்கலாம், முன்னால் படித்தவர் குறித்ததை அழிக்கக் கூடாது என்பது மட்டுமே எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. நான்காவது ஆளாக அது என்னிடம் வந்தபோது, ஒருவர் காற்றின் திசையையும் மாதங்களையும் கணக்குப் போட்டிருந்தார். இன்னொருவர் அறிவியல் எதையும் தொடாமல், இன்னும் சில மாதங்களே உயிரோடு இருக்கப்போகிற ஒரு தம்பதி அடுத்த ஆண்டுக்கான தோட்டத்தைத் திட்டமிடும் பக்கங்களை மட்டும் அடிக்கோடிட்டிருந்தார். இருவரும் ஒரே நூலைத்தான் படித்தார்களா என்றுகூட எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கும் அந்தத் தோட்டமும் ஒன்றோடொன்று தொடர்புடையவை என்பது சற்றுத் தாமதமாகவே விளங்கிற்று.

முதலில், எந்த நூல்கள் இவ்வகையில் அடங்கும், எவை அடங்கா என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம். குண்டே இல்லாத காலத்தில் இவ்வகை தொடங்கிவிட்டது என்பது ஒரு விந்தை. 1914இல் ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய ஒரு நாவலில் 'அணுகுண்டு' என்ற சொல்லே வருகிறது; அதைப் பிற்பாடு படித்தவர்களுள் லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளரும் ஒருவர், அணுகுண்டுக்கு அடிப்படையான அணுக்கருத் தொடர்வினை சாத்தியம் என்று 1933இல் சிந்தித்தவர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஹிரோஷிமாவிலும் 9ஆம் நாள் நாகசாகியிலும் குண்டு விழுந்த பின், கற்பனை என்ற சொல்லுக்கு இருந்த பாதுகாப்பு போய்விட்டது. ஆனாலும் அவ்விரு நகரங்களில் உயிர்தப்பியவர்களின், அதாவது ஹிபாகுஷாக்களின், அனுபவத்திலிருந்து பிறந்த எழுத்தையும் நான் இங்கே பேசும் நாவல்களையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. இபுசே மசுஜி 1965 முதல் எழுதிய 'கருமழை' நாவலில், குண்டு விழுந்து சில ஆண்டுகளுக்குப் பிறகு, கதிர்வீச்சு நோய் இருக்கிறது என்ற வதந்தியால் ஓர் இளம்பெண்ணுக்குத் திருமணம் கூடாமல் போகிறது. வரன் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வதந்தி பேச ஊர் இருக்கிறது, நாட்குறிப்பைப் படியெடுத்துக் காட்டி மறுக்க மாமாவும் இருக்கிறார். சமூகம் அழியாமல் நிற்கிறது, அதுவே அந்தப் பெண்ணின் துன்பமாகவும் ஆகிறது. ஹிரோஷிமாவில் குண்டு விழுந்த மூன்றாம் நாளே டிராம் வண்டி ஒரு சிறு தொலைவுக்கு மீண்டும் ஓடத் தொடங்கியது. வெளியிலிருந்து ஆட்களும் அரிசியும் மருந்தும், போதாத அளவிலேனும், வர முடிந்தது. அணுப்போருக்குப் பிந்தைய நாவலின் அடிப்படை நிபந்தனை இதற்கு நேர்மாறானது: அதில் 'வெளியே' என்று ஓர் இடம் இல்லை. உதவிக்கு யாரும் வரமாட்டார்கள் என்பது கதைமாந்தர்களுக்குத் தெரியவருகிற அந்தப் பக்கத்தில்தான் கதை உண்மையில் தொடங்குகிறது.

இனி காலத்துக்கு வருவோம். முதல் சில வினாடிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒளி, வெப்பம், அதிர்வலை என்ற வரிசையில் எல்லாம் நடந்துவிடும். ஹிரோஷிமாவின் குண்டு ஏறத்தாழ 15 கிலோடன், அதாவது 15,000 டன், டிஎன்டி வெடிமருந்துக்கு நிகரானது என்பதை ஓர் அளவுகோலாக நினைவில் வைத்திருந்தால் போதும். நாவலாசிரியர்கள் இந்தக் கட்டத்தில் நிற்காததற்குக் காரணம் எளியது: வினாடிகளில் முடிவெடுக்க யாருக்கும் நேரமில்லை, முடிவெடுக்காத மாந்தர்களை வைத்துக் கதை சொல்ல முடியாது.

கதைக்கு இடம் கிடைப்பது கதிரியக்கத் தூசி இறங்கத் தொடங்கும் கட்டத்தில். குண்டு தரையிலோ தரைக்கு மிக அருகிலோ வெடித்தால், பல்லாயிரம் டன் மண்ணும் கல்லும் ஆவியாகியும் பொடியாகியும் மேலே இழுக்கப்பட்டு, அணுப்பிளவில் பிறந்த கதிரியக்கப் பொருள்களைச் சுமந்துகொண்டு, காற்று போகும் பக்கம் போய் இறங்குகின்றன. ஹிரோஷிமாவின் குண்டு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில் வெடித்ததால் தரை மண் அந்த அளவுக்கு அதில் கலக்கவில்லை. அந்த நகரம் எப்படி இன்று பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் ஊராக இருக்கிறது என்று புதிய வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. மறுபக்கத்தை 1954 மார்ச்சு 1ஆம் நாள் பசிபிக் பெருங்கடலின் பிகினி பவளத்தீவில் அமெரிக்கா நடத்திய சோதனை காட்டிவிட்டது. எதிர்பார்த்ததைப்போல் இரண்டரை மடங்கு, அதாவது 15 மெகாடன் (ஒரு மெகாடன் ஆயிரம் கிலோடன்) ஆற்றலுடன் அது வெடித்தது. வெந்து பொடியான பவளம் ரோங்கெலாப் தீவில் வெண்ணிறத் தூளாக விழ, அது இன்னதென்று அறியாத பிள்ளைகள் அதில் விளையாடினார்கள். ஆபத்துப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின் 23 பேர்மீதும் அதே தூள் விழுந்தது. அவர்களுள் வானொலிப் பொறுப்பாளர் அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்தார். பிற்பாடு வந்த நாவல்களில் சாம்பல், வெண்பொடி, பனிபோன்ற தூள் என்றெல்லாம் வரும் இடங்களில் எனக்கு இந்தத் தீவுதான் நினைவுக்கு வரும்.

இந்தத் தூசியைப் பற்றி வாசகர் அறிந்திருக்க வேண்டிய ஒரே கணக்கு 'ஏழுக்குப் பத்து' என்பது. வெடித்த நேரத்திலிருந்து கடந்த காலம் ஏழு மடங்காகும்போதெல்லாம் கதிர்வீச்சின் வீதம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைகிறது. முதல் மணிநேரத்தின் முடிவில் அது 1000 என்று வைத்துக்கொண்டால், 7 மணிநேரத்தில் 100, 49 மணிநேரத்தில், அதாவது இரண்டு நாளில், 10, இரண்டு வாரத்தில் 1. பதுங்குமிடத்தில் இரண்டு வாரம் என்பது இவ்வகை நாவல்களில் திரும்பத் திரும்ப வருவதன் காரணம் இதுவே. நெருக்கி அடித்த மண் சுமார் 9 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் காமாக் கதிர்கள் பாதியாகும், 18 சென்டிமீட்டர் இருந்தால் காலாகும். ஆகவே வீட்டின் நிலவறையில் புத்தக அடுக்குகளையும் மண்மூட்டைகளையும் சுவராக அடுக்கும் ஒரு மாந்தர் மூடத்தனமாக எதையும் செய்யவில்லை. அதே நேரத்தில், இரண்டாம் நாள் காலையில் குடும்பத்தோடு தெருவில் நடமாடும் மாந்தரைக் காட்டிவிட்டு அவர்களுக்கு ஒன்றும் நேராததுபோல் எழுதும் நாவலை, ஆசிரியர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று தாராளமாகச் சொல்லலாம்.

பதினைந்தாம் நாள் கதவைத் திறந்தால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மொத்த வீதம் குறைந்தாலும், கலவையில் உள்ள ஒவ்வொரு பொருளும் தனக்குரிய வேகத்தில்தான் தேய்கிறது. ஒரு கதிரியக்கப் பொருளின் அளவு பாதியாவதற்கு எடுத்துக்கொள்ளும் காலமே அதன் அரை ஆயுட்காலம். அயோடின்-131க்கு அது 8 நாள். புல்லில் படிந்து, பசு மேய்ந்து, பாலின் வழியாகப் பிள்ளைகளின் தைராய்டு சுரப்பியில் சேர அந்தக் காலம் தாராளமாகப் போதும். சீசியம்-137க்கு ஏறத்தாழ 30 ஆண்டு. ஸ்ட்ரான்சியம்-90க்கும் கிட்டத்தட்ட அவ்வளவே; அது கால்சியத்தைப் போன்ற தன்மை உடையது என்பதால் உடல் அதை அடையாளம் தெரியாமல் எலும்பில் சேர்த்துக்கொள்கிறது. கையில் நீரும் உணவும் இருந்தும் அவற்றை நம்ப முடியாத நிலையை இந்தப் பொருள்கள் உண்டாக்குகின்றன. ஒரு குவளைப் பாலைக் குழந்தைக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு தாய் நிற்கும் காட்சியை நாவலில் சந்தித்தால், குண்டு விழுந்து எத்தனை வாரம் ஆயிற்று என்று பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். முதல் வாரமா மூன்றாம் மாதமா என்பதைப் பொறுத்து அவள் அச்சத்தின் பொருளே மாறும்.

'ஆன் தி பீச்' இங்கேதான் ஒரு சிக்கலில் மாட்டிக்கொண்டு, சாமர்த்தியமாக வெளியே வருகிறது. வடகோளத்தில் நடந்த போரின் நச்சு காற்றோடு மெல்ல மெல்லத் தெற்கே இறங்கி, கடைசியாக மெல்போர்னை வந்தடைவதற்கு முன்னுள்ள சில மாதங்களே கதை. ஆனால் சாதாரணக் குண்டின் தூசி, மேலே சொன்ன ஏழுக்குப் பத்து கணக்கின்படி, அவ்வளவு தொலைவு வந்து சேரும் முன்பே பெரும்பாலும் தேய்ந்துவிடும்; ஒரு கண்டத்தையே கொல்லும் வலிமை அதற்கு மிஞ்சாது. எனவே ஷூட்டுக்கு மெதுவாகத் தேயும் ஒரு பொருள் தேவைப்பட்டது, கோபால்ட்டை எடுத்துக்கொண்டார். கோபால்ட்-60இன் அரை ஆயுட்காலம் சுமார் 5.27 ஆண்டு. கோபால்ட்டைப் பூசிய குண்டு என்ற கருத்தை, முன்னே சொன்ன அதே சிலார்ட் 1950இல் ஒரு வானொலி உரையாடலில் எச்சரிக்கையாக முன்வைத்திருந்தார். இந்த ஒரு தேர்வினால் ஆசிரியருக்குக் கிடைத்தது முன்கூட்டியே நாள் குறிக்கப்பட்ட மரணம். அந்தத் தம்பதியின் தோட்டத்துக்கும், இறந்துபோன தன் மகனுக்குத் தூண்டில் கோல் வாங்கும் நீர்மூழ்கிக் கப்பல் தலைவருக்கும், பயன்படப்போவதில்லை என்று தெரிந்தும் சுருக்கெழுத்து கற்கச் செல்லும் பெண்ணுக்கும் கதையில் இடம் கொடுத்தது அந்த உலோகத்தின் மெதுவான தேய்வுதான். பென்சில் கணக்குக்கும் தோட்டத்துக்கும் தொடர்புண்டு என்று நான் சொன்னது இதைத்தான். அறிவியல் முழுக்கச் சரியா என்றால் சந்தேகத்துக்கு இடமுண்டு. இருகோளங்களின் காற்று கலப்பதையும், ஒருவரும் தப்பாதபடி நச்சு சமமாகப் பரவுவதையும் அவர் தன் தேவைக்கு ஏற்ப வளைத்திருக்கிறார். அதைவிட எனக்கு நம்பக் கடினமாக இருந்தது, அந்த நகரத்து மக்கள் கடைசிவரை காட்டும் ஒழுங்கு. எங்களுள் ஒருவர் அதைப் பொய் என்றார். மற்றொருவர், பலமுறை மரணப் படுக்கைகளின் அருகில் இருந்தவர், அது அப்படித்தான் இருக்கும் என்றார்.

இன்னொரு குறிப்பு, வாசிக்கத் தொடங்குபவருக்கு மிகவும் பயன்படுவது: நாவலின் வானத்தைக் கவனியுங்கள். 1950களின் நூல்களில் போருக்குப் பின்னும் வெயில் அடிக்கிறது, வானம் நீலமாக இருக்கிறது. கொல்வது கண்ணுக்குத் தெரியாத கதிர்வீச்சு மட்டுமே. 1980களின் நடுவிலிருந்து எழுதப்பட்டவற்றில் வானம் சாம்பல் நிறம் கொள்கிறது, கோடையில் உறைபனி விழுகிறது. இடையில் நடந்தது இரண்டு ஆய்வுகள். 1982இல் பால் குருட்சனும் ஜான் பர்க்ஸும், போரில் எரியும் காடுகளும் எண்ணெயும் எழுப்பும் புகை வெயிலை மறைக்கக்கூடும் என்று காட்டினார்கள். 1983இல் கார்ல் சேகன் உள்ளிட்ட ஐவர் அதைக் கணக்கிட்டு வெளியிட்டபோது 'அணுக் குளிர்காலம்' என்ற சொல் உலகெங்கும் பரவிற்று. செயல்பாடு புரிந்துகொள்ளக் கடினமானது அன்று. எரியும் நகரங்களின் புகைக்கரி கருமையானது. வெயிலை உறிஞ்சிச் சூடாகி, சூட்டினால் இன்னும் மேலே ஏறி, மழை உருவாகாத அடுக்குமண்டலத்தை அடைந்துவிடுகிறது. கழுவி இறக்க அங்கே மழை இல்லாததால் ஆண்டுக்கணக்கில் அது அங்கேயே தங்கும். இதற்கு இயற்கை ஏற்கெனவே ஒரு சிறிய ஒத்திகை காட்டியிருக்கிறது: 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்ததன் விளைவாக 1816ஆம் ஆண்டு ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் கிழக்கிலும் கோடையே வராமல் பயிர்கள் பொய்த்தன. அங்கே வெயிலை மறைத்தது புகைக்கரி அன்று, கந்தகத் துகள்கள்; விளைவு ஒன்றுதான்.

தொடக்கக் கணக்குகள் மிகையானவை என்று 1980களின் பிற்பகுதியில் விவாதம் எழுந்தது உண்மை. ஆனால் புதிய காலநிலை மாதிரிகளைக் கொண்டு 2007க்குப் பிறகு செய்யப்பட்ட ஆய்வுகள் அடிப்படைக் கருத்தை மீண்டும் உறுதிசெய்தன. 2022இல் 'நேச்சர் ஃபுட்' ஆய்விதழில் வெளியான கணக்கீடு ஒன்றின்படி, அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் இடையே முழு அளவிலான போர் மூண்டால் பட்டினியால் மட்டும் 500 கோடிக்கும் மேற்பட்டோர் இறக்கக்கூடும். இந்த எண்ணைப் பார்த்தபின், குண்டு விழாத ஊரில் நடக்கும் கதைகளை நான் வேறு கண்ணோடு படிக்கத் தொடங்கினேன். ஒரு கிராமம் கதிர்வீச்சிலிருந்து தப்பிவிடலாம். ஆனால் இரண்டு கோடைகள் வராவிட்டால் விதைநெல்லையும் தின்ன வேண்டிய நாள் வரும், அடுத்த விதைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது. விதையைக் காப்பதா பிள்ளைகளுக்குப் போடுவதா என்ற அந்த ஒரு கேள்வியைச் சுற்றி ஒரு நாவலையே எழுதிவிட முடியும்.

அதற்கும் அப்பால், தலைமுறைகள் கடந்த பின் தொடங்கும் நாவல்களில் இயற்பியல் பின்வாங்கி, நினைவு முன்னுக்கு வருகிறது. இந்தக் கட்டத்தில் மலிவான நூல்கள் கோரமான பிறவிகளை வைத்து ஒப்பேற்றும். ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர்தப்பியவர்களுக்குக் குண்டுவீச்சுக்குப் பின் பிறந்த பிள்ளைகளிடம், பரம்பரையாகத் தொடரும் பாதிப்பு அதிகரித்ததற்கான தெளிவான சான்று இதுவரை கிடைக்கவில்லை. கருவில் இருந்தபோதே கதிர்வீச்சுக்கு ஆளானவர்களின் நிலை வேறு, அவர்களுள் சிலர் சிறுத்த தலையோடும் மனவளர்ச்சிக் குறைவோடும் பிறந்தார்கள். ஆகவே இரண்டு தலை விலங்குகள் வரும் நூலை நான் கீழே வைத்துவிடுவேன். நல்ல ஆசிரியர்கள் சிதைவை உடலில் தேடுவதை விட்டுவிட்டு அறிவில் தேடுகிறார்கள். வால்டர் மில்லரின் 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' 1959இல் நூலாக வந்தது. அதில் போருக்கு ஆறு நூற்றாண்டுகளுக்குப் பின் துறவிகள் பழைய உலகின் தாள்களைப் பொருள் புரியாமலே பக்தியோடு படியெடுத்துக் காக்கிறார்கள், அவற்றுள் ஒன்று கடையில் வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியல். மில்லர் இரண்டாம் உலகப் போரில் இத்தாலியின் மோன்டே கசினோ மடாலயத்தின்மீது குண்டுவீசிய விமானக் குழுக்களில் இருந்தவர் என்பதை அறிந்தபின் அந்தப் பட்டியல் வரும் பக்கத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேர்ந்து படிக்க விரும்புகிறவர்களுக்கு இரண்டொரு வார்த்தை. முடிவை மறைத்து வைக்கும் வழக்கம் இவ்வகை நாவலுக்கு அவ்வளவு அவசியமில்லை, ஏனெனில் முடிவு பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே தெரிந்துவிடும். ஒரே மூச்சில் முடிக்காமல், கதைக்குள் நாள் நகரும் இடங்களில் நிறுத்திப் பேசுவது பொருத்தமாக இருக்கும்: இன்று என்ன நாள், மாந்தர்களுக்கு எவ்வளவு தெரியும், நமக்கு எவ்வளவு தெரியும் என்று. கூடவே, குழந்தைகள் இறக்கும் பக்கங்கள் இந்நூல்களில் தவறாமல் வருவதால், சுற்றுக்கு விடுமுன் அதை ஒருமுறை சொல்லிவிடுவது நாகரிகம். எங்கள் குழுவில் ஒருவர் பாதியில் திருப்பிக் கொடுத்தார், காரணத்தை யாரும் கேட்கவில்லை.

ஐந்து பேரும் படித்து முடித்து அந்தப் பிரதி சொந்தக்காரரிடம் திரும்பியபோது, கடைசி வெற்றுத் தாளில் ஒரு கணக்கு இருந்தது. யாருடைய கையெழுத்து என்று எல்லாருக்கும் தெரியும். கோபால்ட்-60 ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறையப் பத்து அரை ஆயுட்காலம் ஆகும், அது ஏறக்குறைய 53 ஆண்டு. கதை நடப்பது 1963. கூட்டி, கீழே கோடிட்டு, 2016 என்று எழுதியிருந்தார். அதற்குப் பக்கத்தில், தோட்டத்தை அடிக்கோடிட்டவர், வேறு பென்சிலால், 'பழமரங்கள் காய்த்திருக்கும்' என்று சேர்த்திருந்தார்.